தலைக்காயத்தில் மூளை வீங்குகிறது, அழற்சியும் இருக்கிறது. அப்புறம் ஏன் ஸ்டீராய்டு கூடாது?

#1 மருந்துக்கட்டு

மூளைக்கட்டியைச் சுற்றி வீக்கம் இருந்தால் டெக்ஸாமெத்தசோன் (டெக்ஸா) என்ற ஸ்டீராய்டு போட்ட ஒன்றிரண்டு நாளில் நோயாளி தெளிஞ்சு பேசுறார். காசநோய் மூளையுறை அழற்சியில் டெக்ஸா உயிரைக் காப்பாத்துது. வியட்நாமில் 545 பேரிடம் நடந்து 2004-இல் வெளியான ஆய்வில் இறப்பு 41.3 சதவீதத்திலிருந்து 31.8 ஆகக் குறைஞ்சது. ஆனா விபத்தில் தலையில் அடிபட்டு மூளை வீங்கினா மட்டும் அதே மருந்தைத் தொடக்கூடாதுன்னு சொல்றோம். பயனில்லைன்னு மட்டும் சொல்லலை, ஆபத்துன்னே சொல்றோம். இருந்தும் சிறிய மருத்துவமனைகளிலிருந்து வரும் மாற்றுச்சீட்டுகளில் "டெக்ஸா 8 மி.கி. போடப்பட்டது" என்ற வரி இன்னும் வரத்தான் செய்யுது.

காரணத்தை அடியிலிருந்து புரிஞ்சுக்கணும். ஒரே அழற்சி, ஒரே மருந்து, ஓரிடத்தில் நன்மை, இன்னோரிடத்தில் கேடு, எப்படி? ஸ்டீராய்டு இல்லைன்னா அழற்சியைக் கட்டுக்குள் வைக்க நம்ம கையில் வேறென்ன இருக்கு? தெரிஞ்சவங்க அளவு, நேரம் எல்லாம் சேர்த்து எழுதுங்க. படிக்கிற பொதுவாசகர்களுக்கு: இங்கே வரும் அளவுகள் மருத்துவமனைக்குள் கண்காணிப்போடு கொடுப்பவை. தலையில் அடிபட்டவருக்கு வீட்டில் எதையும் கொடுக்காதீங்க.

#2 கிளாஸ்கோ15

"ஆபத்து" என்ற சொல் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தலைக்காயத்தில் ஸ்டீராய்டைச் சோதித்த கிராஷ் ஆய்வு. 1999-இல் தொடங்கியது. வயது 16 அல்லது அதற்கு மேல், சுயநினைவை அளக்கும் கிளாஸ்கோ மதிப்பெண் (முழு நினைவுக்கு 15) 14 அல்லது அதற்குக் கீழ், அடிபட்டு 8 மணி நேரத்துக்குள் வந்தவர்கள். பாதிப் பேருக்கு மெத்தில்பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு: முதல் ஒரு மணி நேரத்தில் 2 கிராம், பிறகு மணிக்கு 0.4 கிராம் வீதம் 48 மணி நேரம். மறுபாதிக்கு மருந்தில்லாத திரவம். 20,000 பேரைச் சேர்ப்பதாகத் திட்டம். 10,008 பேரோடு 2004 மே மாதம் நிறுத்தினார்கள். இரண்டு வாரத்துக்குள் இறந்தவர்கள் ஸ்டீராய்டு பக்கம் 21.1 சதவீதம், மறுபக்கம் 17.9 சதவீதம். அதாவது ஏறத்தாழ 31 பேருக்குப் போட்டால் ஓர் உயிர் கூடுதலாகப் போகிறது. ஆறு மாதக் கணக்கிலும் அதே திசைதான்: 25.7-க்கு எதிராக 22.3.

லேசான காயம், கடும் காயம், சீக்கிரம் வந்தவர், தாமதமாக வந்தவர், சி.டி.யில் இரத்தக்கட்டு இருந்தவர், இல்லாதவர் என்று எப்படிப் பிரித்துப் பார்த்தாலும் எந்தப் பிரிவிலும் ஸ்டீராய்டு காப்பாற்றவில்லை. அதற்கு முன்பு முப்பது ஆண்டுகளாக உலகம் முழுக்க இதைப் போட்டுக்கொண்டிருந்தோம் என்பதை மறக்கக் கூடாது. சின்னச் சின்ன ஆய்வுகளின் முடிவுகள் இங்குமங்கும் ஆடியதால் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பத்தாயிரம் பேரைச் சேர்த்த பிறகுதான் உண்மை தெரிந்தது.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுவோம். கிலோவுக்கு 30 மி.கி. மெத்தில்பிரட்னிசோலோன், பிறகு 23 மணி நேரத்துக்கு மணிக்குக் கிலோவுக்கு 5.4 மி.கி. என்று பழைய குறிப்பேடுகளில் ஒரு கணக்கு இருக்கும். அது 1990-இல் வெளியான தண்டுவடக் காய ஆய்வின் அளவு. தலைக்காயத்துக்கு உரியதே அல்ல. தண்டுவடத்துக்கே இப்போது அதை வழக்கமாகக் கொடுப்பதில்லை.

#3 நுண்ணோக்கி

அழற்சியின் பக்கத்தை நான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

அடி விழுந்த கணத்தில் கிழிந்ததும் நசுங்கியதும் முதல் காயம். அதை யாராலும் திருப்ப முடியாது. அதன் பின்னர் மணிக்கணக்கிலும் நாட்கணக்கிலும் நடப்பது இரண்டாம் காயம். அதில் அழற்சிக்குப் பெரிய பங்கு உண்டு, ஆனால் தனிப் பங்கு இல்லை. ஆக்சிஜன் குறைவு, இரத்த அழுத்தம் விழுவது, வலிப்பு, காய்ச்சல் எல்லாம் சேர்ந்துதான் அழற்சிக்குத் தீனி போடுகின்றன.

இது கிருமியே இல்லாத அழற்சி. உயிரணு உடைந்தால் உள்ளே இருக்க வேண்டியவை வெளியே கொட்டுகின்றன. அணுவுக்கு ஆற்றல் தரும் ஏடிபி, அணுக்கருவில் இருக்கும் ஹெச்எம்ஜிபி1 புரதம், மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏ. வெளியே இவை கிடப்பதே "இங்கே அணு செத்திருக்கிறது" என்ற சேதி. அந்தச் சேதியை முதலில் படிப்பது மூளையின் காவல் அணுக்களான மைக்ரோகிளியா. ஸ்பெயின் நாட்டு பியோ தெல் ரியோ ஓர்தேகா 1919-இல் இவற்றைத் தனி அணுக்களாக அடையாளம் காட்டினார். இவை கருவின் மஞ்சட்கருப் பையிலிருந்து மிக ஆரம்பத்திலேயே மூளைக்குள் குடியேறியவை என்று 2010-இல் எலி ஆய்வு காட்டியது. சும்மா இருக்கும்போதும் இவற்றின் மெல்லிய கைகள் சுற்றுப்புறத்தைத் துழாவிக்கொண்டே இருக்கும். லேசர் புள்ளியால் சிறு காயம் ஏற்படுத்தினால் அரை மணி நேரத்துக்குள் சுற்றியுள்ள மைக்ரோகிளியாக்கள் கைகளை நீட்டி அந்த இடத்தைச் சுற்றி வேலி கட்டிவிடுகின்றன. இந்த வேலி நல்லது. சேதம் பரவாமல் தடுப்பது இதுதான்.

அதே ஏடிபி அதிக அளவில் இருந்தால் பி2எக்ஸ்7 என்ற வாயிலைத் திறக்கிறது. பொட்டாசியம் வெளியேறுகிறது, என்எல்ஆர்பி3 என்ற கூட்டமைப்பு உருவாகிறது, அது காஸ்பேஸ்-1 நொதியை எழுப்புகிறது, அது ஐஎல்-1 பீட்டா என்ற சைட்டோகைனை (அணுக்கள் அனுப்பும் சேதிப் புரதத்தை) வெட்டி வெளியே விடுகிறது. ஐஎல்-1 பீட்டாவும் அதே வகையான டிஎன்எஃப்-ஆல்ஃபாவும் முதல் சில மணி நேரத்திலேயே ஏறுகின்றன. அவை இரத்தக்குழாயின் உட்சுவரில் ஒட்டுப்பசை போன்ற ஐகேம்-1 மூலக்கூறுகளை முளைக்க வைக்கின்றன. இரத்தத்தில் போய்க்கொண்டிருக்கும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்கள் அதில் ஒட்டி, சுவரைத் துளைத்து உள்ளே வருகின்றன. ஒன்று முதல் மூன்று நாளுக்குள் அவற்றின் கூட்டம் உச்சத்தில் இருக்கும். அவை கக்கும் எம்எம்பி-9 நொதி குழாயின் அடிப்படலத்தையே அரிக்கிறது. இரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவில் உள்ள தடுப்பு இப்படித்தான் ஓட்டையாகிறது. மூன்று முதல் ஐந்தாம் நாள்வாக்கில் மோனோசைட்டுகள் என்ற இன்னொரு வகை வெள்ளையணுக்கள் வருகின்றன. செத்ததைத் தின்று அப்புறப்படுத்துவது பெரும்பாலும் இவையும் மைக்ரோகிளியாவும்தான். ஐஎல்-10, டிஜிஎஃப்-பீட்டா போன்ற அடக்கும் சைட்டோகைன்கள் பின்னாலேயே ஏறி அழற்சியைத் தணிக்கப் பார்க்கின்றன.

பழைய பாடங்களில் மைக்ரோகிளியாவை எம்1 கெட்டது, எம்2 நல்லது என்று இரண்டு கட்சியாகப் பிரிப்பார்கள். ஒற்றை அணு ஆர்என்ஏ ஆய்வுகள் வந்த பிறகு அது நிற்கவில்லை. ஒரே அணுவில் இரண்டு வகைச் சமிக்ஞைகளும் கலந்தே தெரிகின்றன.

நியூரான்களுக்குத் துணைநிற்கும் அணுக்களான ஆஸ்ட்ரோசைட்டுகளைப் பற்றி ஒரு வரி: எலிகளில் காயத்தைச் சுற்றித் திரளும் ஆஸ்ட்ரோசைட்டுகளை அழித்துப் பார்த்தார்கள். தழும்பு இல்லாவிட்டால் நரம்பு நன்றாக வளரும் என்ற எதிர்பார்ப்பு இருந்தது. நடந்தது வேறு: அழற்சி அணுக்கள் நல்ல திசுவுக்குள்ளும் பரவி, சேதம் பெருகியது. களை எடுக்கப் போய்ப் பயிரையும் சேர்த்துப் பிடுங்கிய கதை. ஸ்டீராய்டு என்ன செய்கிறது என்பதை யோசிக்கும்போது இதை மனதில் வையுங்கள். அது வேலி கட்டுபவனையும் வேலியை உடைப்பவனையும் பிரித்துப் பார்ப்பதில்லை.

#4 மருந்துக்கட்டு

நன்றி, நுண்ணோக்கி. வேலி விஷயம் புரியுது. ஆனா அதே தர்க்கம் மூளையுறை அழற்சிக்கும் பொருந்தணுமே? அங்கேயும் ஸ்டீராய்டு எல்லாரையும்தான் அடக்குது. அங்கே மட்டும் ஏன் நன்மை?

#5 கிளாஸ்கோ15

நேரமும் காரணமும். பாக்டீரியா மூளையுறை அழற்சியில் டெக்ஸா 10 மி.கி. ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, நான்கு நாள். முதல் ஊசியை ஆன்டிபயாட்டிக்குக்குச் சற்று முன்போ கூடவோ போட வேண்டும். 301 பேரிடம் நடந்து 2002-இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில் இறப்பு 15-இலிருந்து 7 சதவீதமானது. அங்கே ஆன்டிபயாட்டிக் பட்டுக் கிருமிகள் உடையும்போதுதான் அழற்சி வெடிக்கிறது. எப்போது வெடிக்கும் என்பது முன்கூட்டியே தெரிவதால் முந்திக்கொள்ள முடிகிறது. மூலகாரணத்தை ஆன்டிபயாட்டிக் பார்த்துக்கொள்கிறது. தலைக்காயத்தில் ஆம்புலன்ஸ் வரும் முன்பே வெடிப்பு நடந்துவிட்டது. மூலகாரணத்தை ஒழிக்கும் மருந்தும் கிடையாது.

கட்டி வீக்கம் வேறு கதை. கட்டி விஇஜிஎஃப் என்ற புரதத்தைச் சுரந்து சுற்றியுள்ள குழாய்களை ஒழுக வைக்கிறது. இரத்தத்திலிருந்து திரவம் கசிந்து வெண்பொருளில் தேங்குகிறது. டெக்ஸா அந்த ஒழுக்கை அடைக்கிறது, வீக்கம் வடிகிறது. தலைக்காயத்தின் முதல் மணி நேரங்களில் நடப்பது பெரும்பாலும் அணுவீக்கம். அணுக்களில் ஆற்றல் தீர்ந்து, சோடியம் உள்ளே போகிறது, தண்ணீர் பின்தொடர்கிறது. ஆஸ்ட்ரோசைட் பாதங்களில் உள்ள அக்வபோரின்-4 என்ற தண்ணீர் வாயில் வழியாகத் தண்ணீர் ஏறுகிறது. எஸ்யுஆர்1-டிஆர்பிஎம்4 என்ற வாயில் புதிதாக முளைத்து சோடியத்தை இன்னும் உள்ளே விடுகிறது. குழாய் ஒழுக்கை அடைக்கும் மருந்துக்கு இதில் வேலையே இல்லை. ஒழுக்கு வகை வீக்கம் பின்னால் வந்து சேரும்போது இரண்டும் கலந்து கிடக்கின்றன. பொதுவாக மூன்று முதல் ஐந்தாம் நாள் வரை வீக்கம் ஏறும். முதல் நாள் சி.டி. நன்றாக இருந்தது என்று மூன்றாம் நாள் அசட்டையாக இருக்கக் கூடாது என்பது இதனால்தான்.

எஸ்யுஆர்1 வாயிலை அடைப்பது சர்க்கரை மாத்திரையான கிளிபென்கிளமைடு. ஊசி வடிவில் ஆராய்ச்சியில் இருக்கிறது. அதைக் கேள்விப்பட்டு யாரும் குழாய் வழியாக மாத்திரையைக் கரைத்துக் கொடுத்துவிட வேண்டாம். சர்க்கரை விழுந்தால் காயம்பட்ட மூளைக்கு அது இன்னொரு அடி.

#6 வார்டுமுனை

எதிர்வாதம் ஒன்று வைக்கிறேன். கிராஷ் ஆய்வில் மொத்த அளவு 2 கிராமும், மணிக்கு 0.4 வீதம் 48 மணிக்கு 19.2 கிராமும் சேர்த்து 21.2 கிராம் மெத்தில்பிரட்னிசோலோன். 4 மி.கி.க்கு 0.75 மி.கி. என்ற வழக்கமான மாற்றில் அது ஏறத்தாழ 4 கிராம் டெக்ஸா. நாம் பேசுவது 8 மி.கி. ஐந்நூறில் ஒரு பங்கு. இவ்வளவு பெரிய அளவில் வந்த கேட்டை அந்தச் சிறிய அளவின் மேல் எப்படி ஏற்றிச் சொல்வது?

#7 கிளாஸ்கோ15

நியாயமான கேள்வி. கிராஷ் முடிவை அப்படியே 8 மி.கி.க்குத் தூக்கிப் போட முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நிரூபிக்கும் பொறுப்பு போடுகிறவர் பக்கம்தான். டெக்ஸாவைச் சாதாரண அளவிலும் பெரிய அளவிலும் எழுபதுகளிலிருந்தே தலைக்காயத்தில் சோதித்திருக்கிறார்கள். மிக அதிக அளவில் 300 பேரிடம் கொடுத்துப் பார்த்த ஐரோப்பிய ஆய்வு 1994-இல் வந்தது, வித்தியாசம் ஒன்றுமில்லை. ஆக, நன்மை எந்த அளவிலும் காட்டப்படவில்லை. கேடு பெரிய அளவில் காட்டப்பட்டுவிட்டது. நன்மையே இல்லாத இடத்தில் சிறிய அளவுக்கும் விலை உண்டு. சர்க்கரை ஏறும். வெள்ளையணு எண்ணிக்கை ஏறி, மூன்றாம் நாள் காய்ச்சலுக்குக் கிருமி காரணமா இல்லையா என்று கண்டுபிடிப்பதைக் குழப்பும். எல்லாவற்றையும்விட, "ஏதோ மருந்து போட்டாச்சு" என்ற நிம்மதியில் ஆக்சிஜனும் இரத்த அழுத்தமும் கவனிக்கப்படாமல் போகும்.

வழிகாட்டு நெறிகளில் பெரும்பாலான பரிந்துரைகள் இரண்டாம், மூன்றாம் நிலைச் சான்றில் நிற்பவை. ஸ்டீராய்டு வேண்டாம் என்பது மட்டும் முதல் நிலை, அதாவது மிக உறுதியான சான்று.

#8 நுண்ணோக்கி

கேடு ஏன் வந்தது என்று கிராஷ் ஆய்வால் சுட்ட முடியவில்லை. ஆனால் சந்தேகிக்கத் தகுந்த வழிகள் உண்டு. கடும் மூளைக்காயத்துக்குப் பிறகு தலைக்குள் அழற்சி எரியும் அதே வேளையில் உடம்பின் நோயெதிர்ப்பு தணிந்துபோகிறது. பரிவு நரம்புகளின் கொந்தளிப்பும் உடம்பே சுரக்கும் கார்ட்டிசோலும் அதற்குக் காரணம். வென்டிலேட்டர் நிமோனியா இவர்களிடம் இவ்வளவு அதிகமாக வருவதற்கு இதுவும் ஒரு காரணம். அதன் மேல் வெளியிலிருந்து ஸ்டீராய்டு ஏற்றினால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளலாம். கூடவே உயர்சர்க்கரை, தசைக் கரைவு. விலங்குகளில் ஹிப்போகாம்பஸ் என்ற நினைவுப் பகுதியின் நியூரான்கள் ஸ்டீராய்டு மிகுந்த நிலையில் ஆற்றல் நெருக்கடியைத் தாங்க முடியாமல் சீக்கிரம் சாகின்றன என்பதும் தெரிந்ததே.

#9 இரவுத்தாதி

மருந்துக்கட்டின் அடுத்த கேள்விக்கு நான் பதில் எழுதுகிறேன். அழற்சிக்கென்று தனி மருந்து இல்லாவிட்டாலும் அதற்குத் தீனி போடுவதை நிறுத்தலாம். கட்டிலருகில் செய்ய வேண்டியவை நிறைய உண்டு, தவறுவதும் அங்கேதான்.

தலைப்பக்கம் 30 பாகை உயர்த்துங்கள்; இடுப்பில் மடியாமல், முதுகு நேராக. கழுத்து நடுவில் நிற்க வேண்டும். கழுத்துப்பட்டி இறுகியிருந்தாலோ, குழாயைக் கட்டிய நாடா கழுத்தைச் சுற்றி இறுகியிருந்தாலோ கழுத்துச் சிரைகள் நசுங்கி, மூளையிலிருந்து இரத்தம் இறங்காது. மண்டையோட்டுக்குள் அழுத்தம் ஏறும். மருந்தைக் கூட்டுவதற்கு முன் நாடாவுக்குள் ஒரு விரல் நுழைகிறதா என்று பாருங்கள். நாடாவைத் தளர்த்தியதும் திரையில் அந்த அழுத்தத்தின் எண் இறங்குவதைப் பல தடவை காணலாம்.

காய்ச்சல். ஐஎல்-1 பீட்டா தானே காய்ச்சலையும் உண்டாக்குவது; காய்ச்சல் திரும்ப அழற்சியைக் கூட்டுகிறது. மூளையின் வெப்பம் உடம்பைவிட அரை முதல் ஒரு டிகிரி கூடுதலாக இருக்கும், சில வேளை அதற்கும் மேல். அக்குளில் 37.8 என்றால் மூளைக்குள் 39-ஐத் தொட்டிருக்கலாம். ஆகவே அக்குளை நம்பாதீர்கள். உணவுக்குழாய் அல்லது சிறுநீர்ப்பை உணரி இருந்தால் அதையே எடுங்கள். 38-ஐத் தாண்ட விடக்கூடாது. பனடோல், அதாவது பாராசிட்டமால், வயதுவந்தவருக்கு 1 கிராம் ஆறு மணிக்கு ஒருமுறை, நாளுக்கு 4 கிராமுக்கு மேல் இல்லை. 50 கிலோவுக்குக் கீழே கிலோவுக்கு 15 மி.கி. நாளத்தில் ஏற்றும் 100 மி.லி. போத்தலை 15 நிமிடம் எடுத்து ஏற்றுங்கள். அப்போது இரத்த அழுத்தம் விழக்கூடும் என்பதால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பாருங்கள். ஐஸ் தண்ணீரில் துடைக்காதீர்கள். நடுக்கம் வந்தால் உடம்பு எரிக்கும் ஆக்சிஜன் பன்மடங்காகும், குளிர்வித்த பயன் போய்விடும். வெதுவெதுப்பான தண்ணீர், மின்விசிறி, கைகால்களைப் போர்த்திவிட்டு உடலை மட்டும் குளிர்விப்பது, இவைதான் வழி.

திரவம்: 0.9 சதவீத சேலைன். ஐந்து சதவீத டெக்ஸ்ட்ரோஸ் கூடாது. சர்க்கரை எரிந்து தீர்ந்ததும் மிஞ்சுவது வெறும் தண்ணீர், அது நேரே வீங்கிய அணுவுக்குள் போகும். சர்க்கரை 140 முதல் 180 வரை.

வலிப்பு மருந்தான பெனிட்டாயினை டெக்ஸ்ட்ரோஸில் கலந்தால் படிகமாகிவிடும். சேலைனில் மட்டும். கிலோவுக்கு 20 மி.கி., நிமிடத்துக்கு 50 மி.கி.க்கு மேல் வேகம் கூடாது, இதயத் துடிப்பைப் பார்த்தபடி.

மண்டையோட்டின் அடித்தளம் முறிந்திருக்கலாம் என்ற ஐயம் இருந்தால் மூக்கு வழியாக உணவுக்குழாய் போடாதீர்கள். வாய் வழியாகப் போடுங்கள். உணவை முடிந்தவரை சீக்கிரம் தொடங்கி, ஐந்தாம் நாளுக்குள், பிந்தினால் ஏழாம் நாளுக்குள், அடிப்படைக் கலோரி முழுவதும் போய்ச் சேர வேண்டும்.

#10 கிளாஸ்கோ15

இரவுத்தாதி எழுதியதை அச்சடித்து வார்டில் ஒட்டலாம். இரண்டு எண்களைச் சேர்க்கிறேன். மேல் இரத்த அழுத்தம் 15 முதல் 49 வயது வரையிலும், 70-க்கு மேலும் 110-க்குக் கீழே போகக் கூடாது. 50 முதல் 69 வரை 100. ஒரே ஒரு முறை 90-க்குக் கீழே விழுந்தவர்களிடம் இறப்பு ஏறத்தாழ இரட்டிப்பாக இருந்ததை 1993-இலேயே அமெரிக்கத் தரவுகள் காட்டிவிட்டன. எந்த அழற்சி மருந்தும் இன்றுவரை அவ்வளவு பெரிய வித்தியாசத்தைக் காட்டியதில்லை. தலைக்காயம் என்று வந்தவருக்கு இரத்த அழுத்தம் குறைந்திருந்தால் வயிற்றிலும் இடுப்பிலும் இரத்தப்போக்கைத் தேடுங்கள்.

மூளையிலிருந்து தண்ணீரை இழுத்து வீக்கத்தைக் குறைக்கும் மானிட்டால் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அழற்சியோடு அதற்கு நேரடித் தொடர்பு உண்டு. 20 சதவீத மானிட்டாலில் 100 மி.லி.க்கு 20 கிராம். 60 கிலோ எடையுள்ளவருக்குக் கிலோவுக்கு அரை கிராம் என்றால் 30 கிராம், அதாவது 150 மி.லி., 15 முதல் 20 நிமிடத்தில். குளிர்ந்த அறையில் வைத்த பாட்டிலில் படிகம் தெரிந்தால் வெந்நீரில் வைத்துக் கரைத்து, ஆறவிட்டு, வடிகட்டி உள்ள குழாயில்தான் ஏற்ற வேண்டும். சிறுநீர்க் குழாய் போடாமல் தொடங்காதீர்கள், போகும் நீரை ஈடுகட்டுங்கள். இரத்த அழுத்தம் தாழ்ந்திருப்பவருக்கு மானிட்டால் வேண்டாம். அவருக்கு 3 சதவீத சேலைன் 250 மி.லி. கொடுப்பதே நல்லது. மானிட்டால் வேலை செய்வது தடுப்பு முழுதாக இருக்கும் திசுவில். நுண்ணோக்கி சொன்ன எம்எம்பி-9 அரித்து ஓட்டையான இடத்தில் மருந்தே திசுவுக்குள் கசிந்து தண்ணீரைத் தன் பக்கம் இழுக்கும். "ஆறு மணிக்கு ஒருமுறை 100 மி.லி." என்று கண்ணை மூடிக்கொண்டு ஐந்து நாள் எழுதுவது தவறு என்பதற்கு இதுதான் காரணம். மண்டையோட்டுக்குள் அழுத்தம் ஏறும்போது கொடுங்கள், இரத்தத்தின் சவ்வூடு செறிவு 320-ஐத் தாண்டினால் நிறுத்துங்கள்.

இரத்தப் புரதமான ஆல்புமினை ஏற்றுவதும் அப்படித்தான். 2007-இல் வெளியான ஆய்வில் 460 தலைக்காயக்காரர்களில் 4 சதவீத ஆல்புமின் பெற்றவர்களிடம் இரண்டாண்டு இறப்பு 33.2 சதவீதம், சேலைன் பெற்றவர்களிடம் 20.4.

#11 வார்டுமுனை

சரி, ஸ்டீராய்டை விட்டுவிடுவோம். நுண்ணோக்கி சொன்ன சங்கிலியில் எத்தனையோ கண்ணிகள் இருக்கின்றனவே. ஐகேம்-1, ஐஎல்-1, மைக்ரோகிளியா. குறிபார்த்து ஒன்றை மட்டும் அடக்கும் மருந்துகள் என்னவாயின? மருந்துச்சீட்டில் தினமும் பார்க்கும் சிட்டிகோலின்?

#12 நுண்ணோக்கி

சிட்டிகோலினை முதலில் முடித்துவிடலாம். தலைக்காயக்காரர்கள் 1,213 பேர், நாளுக்கு 2,000 மி.கி., 90 நாள். 2012-இல் முடிவு வந்தது. நல்ல நிலையை எட்டியவர்கள் மருந்துப் பக்கம் 35.4 சதவீதம், மறுபக்கம் 35.6. குடும்பங்கள் கடன் வாங்கி அந்த ஊசியை வாங்குவதை நினைத்தால் மனம் பொறுக்கவில்லை. அந்தப் பணம் பிசியோதெரபிக்கும் சத்துணவுக்கும் போகட்டும்.

புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் எலிகளில் வீக்கத்தையும் சைட்டோகைன்களையும் அழகாகக் குறைத்தது. 882 பேர், 1,195 பேர் என்று இரண்டு பெரிய ஆய்வுகள் 2014-இல் சேர்ந்தே வெளியாயின. இரண்டிலும் பயனில்லை. உடலைக் குளிர்விப்பது அழற்சியைத் தணிக்கும் என்று நம்பினோம். 2015-இலும் 2018-இலும் வந்த ஆய்வுகள் கைவிரித்தன. ஐகேம்-1-ஐ அடைக்கும் என்லிமொமாப் பக்கவாதத்தில் 625 பேரிடம் சோதிக்கப்பட்டது. இறப்பு 16.2-இலிருந்து 22.2 சதவீதமாக ஏறியது. அது எலியின் உடலில் செய்த எதிர்ப்புரதம். மனித உடலில் அதுவே நியூட்ரோஃபில்களைத் தூண்டிவிட்டிருக்கலாம் என்பது பிற்பாடு கிடைத்த விளக்கம்.

ஐஎல்-1 வாயிலை அடைக்கும் அனகின்ரா மட்டும் நம்பிக்கையைத் தக்கவைத்திருக்கிறது. கேம்பிரிட்ஜில் 20 பேருக்குத் தோலடியில் நாளுக்கு 100 மி.கி. ஐந்து நாள் கொடுத்து, மூளைக்குள்ளேயே நுண்குழாய் வைத்து, கசியும் திரவத்தை எடுத்துச் சைட்டோகைன்களை அளந்தார்கள். 2014-இல் வெளியானது. மருந்து மூளையை எட்டியது, சைட்டோகைன் வடிவம் மாறியது. ஆனால் பிறகு நுணுகிப் பார்த்தபோது மாறிய திசை எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக, பழைய பெயரில் சொன்னால் எம்1 பக்கமாக இருந்தது. ஐஎல்-1-ஐ அடக்கினால் எல்லாம் தணியும் என்ற எளிய கணக்கு மனித மூளையில் ஒத்துவரவில்லை. 20 பேரை வைத்து உயிர்பிழைப்பைப் பற்றி எதுவும் பேசவும் முடியாது.

ஆய்வக எலி ஒரே வயது, பெரும்பாலும் ஆண், ஒரே இடத்தில் ஒரே விசையில் அடி, சில நிமிடங்களில் மருந்து. வார்டில் வருபவருக்கு ஓரிடத்தில் நசுங்கல், இன்னோரிடத்தில் நரம்பிழை அறுபடல், மேலே இரத்தக்கட்டு, வயது எழுபது, சர்க்கரை நோய், வந்து சேர ஐந்து மணி நேரம். ஒரே மருந்தை எல்லோருக்கும் ஒரே நாளில் கொடுத்து, ஆறு மாதம் கழித்து, தேறிய நிலையை எட்டுப் படி அளவுகோலில் அளந்தால் சிறு நன்மை இருந்தாலும் தெரியாது.

#13 மறுவாழ்வு

எல்லோரும் முதல் வாரத்திலேயே நிற்கிறீர்கள். அழற்சி அங்கே முடிவதில்லை. 2013-இல் வெளியான உடற்கூறு ஆய்வில், ஒரே ஒரு முறை அடிபட்டு ஓராண்டுக்கு மேல் வாழ்ந்தவர்களில் 28 சதவீதம் பேருக்கு இரு அரைக்கோளங்களை இணைக்கும் நரம்புப் பட்டையில் கிளர்ந்தெழுந்த மைக்ரோகிளியாக்கள் அடர்ந்து கிடந்தன. அடிபட்டு 18 ஆண்டுகள் ஆனவர்களிடமும். உயிரோடிருப்பவர்களிடம் பெட் ஸ்கேன் எடுத்த 2011 ஆய்வும் 17 ஆண்டுகள் வரை அதையே காட்டியது. இதில் மிக உறுத்துவது, ஸ்கேனில் மைக்ரோகிளியா ஒளிர்ந்த இடம் அடிபட்ட இடமாக இல்லாமல், தாலமஸ் போன்ற தொலைவான பகுதிகளாக இருந்ததுதான்.

"காயம் ஆறிவிட்டது, இவர் ஏன் இன்னும் சோர்ந்து கிடக்கிறார், எரிந்து விழுகிறார்" என்று குடும்பம் கேட்கும்போது இதைச் சொல்லுங்கள். சோம்பலோ நடிப்போ கிடையாது. இப்போதைக்கு இந்த நீண்ட அழற்சிக்கு மருந்தில்லை என்றாலும் மூன்று முதல் ஆறு மாதத்தில் பார்க்க வேண்டியவை இருக்கின்றன. காலை 8 மணிக் கார்ட்டிசோல், தைராய்டு. பிட்யூட்டரி சுரப்பி அடிபட்டிருந்தால் இதே சோர்வுதான் வரும், அதற்குச் சிகிச்சை உண்டு. குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் தூக்க ஆய்வு. மது முழுக்க நிறுத்தம். இரண்டாவது அடி படாமல் பார்ப்பது மிக முக்கியம். ஒருமுறை கிளர்ந்த மைக்ரோகிளியா அடுத்த தூண்டலுக்கு முன்னைவிட மூர்க்கமாக எழும் என்று விலங்கு ஆய்வுகள் காட்டுகின்றன. ஹெல்மெட் இல்லாமல் வண்டியில் ஏறவே கூடாது.

#14 மருந்துக்கட்டு

மூளைக்கும் அதன் தடித்த உறைக்கும் நடுவில் தேங்கும் நாள்பட்ட சப்டியூரல் இரத்தக்கட்டு? அதன் உறையே அழற்சியால் வளருதுன்னு படிச்சிருக்கேன். அங்கேயாவது டெக்ஸா உண்டா?

#15 கிளாஸ்கோ15

இந்த இழைக்கே மிகப் பொருத்தமான உதாரணத்தைக் கேட்டுவிட்டீர்கள். பிரிட்டனில் 748 பேரிடம் நடந்து 2020-இல் வெளியான ஆய்வு. டெக்ஸா 8 மி.கி. இருவேளை தொடங்கி இரண்டு வாரத்தில் படிப்படியாகக் குறைத்தார்கள். கட்டு திரும்ப வந்து மறு அறுவை செய்ய வேண்டியிருந்தது டெக்ஸா பக்கம் 1.7 சதவீதம்தான், மறுபக்கம் 7.1. அதாவது மருந்து அழற்சியை உண்மையாகவே அடக்கியது. ஆனால் ஆறு மாதத்தில் நல்ல நிலையில் இருந்தவர்கள் டெக்ஸா பக்கம் 83.9, மறுபக்கம் 90.3. உறை அடங்கியது, ஆள் தேறவில்லை. வயதானவர்கள், தொற்று, சர்க்கரை, மனக்குழப்பம் எல்லாம் சேர்ந்து கிடைத்த நன்மையைத் தின்றுவிட்டன.

வார்டுமுனையின் 8 மி.கி. கேள்விக்கும் இதிலிருந்து ஓரளவு பதில் கிடைக்கிறது. சிறிய அளவும் சும்மா போவதில்லை.

#16 இரவுத்தாதி

ஒரு விதிவிலக்கை யாரும் எழுதவில்லை. ஆஸ்துமாவுக்கோ மூட்டுவாதத்துக்கோ மாதக்கணக்கில் பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டை விழுங்குபவர் தலையில் அடிபட்டு வந்தால் அதை நிறுத்தக் கூடாது. உடம்புக்கு வேண்டிய ஸ்டீராய்டைச் சுரக்கும் அவருடைய அட்ரீனல் சுரப்பி உறங்கிக் கிடக்கும். நிறுத்தினால் இரத்த அழுத்தம் விழுந்து மூளைக்குக் கேடு. அப்படிப்பட்டவருக்கு ஹைட்ரோகார்ட்டிசோன் 100 மி.கி., பிறகு 50 மி.கி. ஆறு மணிக்கு ஒருமுறை. திரவமும் நோரட்ரினலினும் கொடுத்தும் இரத்த அழுத்தம் ஏறாதவரிடமும் அட்ரீனல் குறையை நினையுங்கள். இது இல்லாததை ஈடு செய்வது. வீக்கத்துக்காகப் போடுவதோடு இதைக் குழப்ப வேண்டாம். வந்தவுடன் வீட்டாரிடம் பழைய மாத்திரைகளின் அட்டையைக் கேட்டு வாங்குங்கள்.

நிமோனியா பற்றி நுண்ணோக்கி சொன்னதற்குத் துணையாக: மூளைக்காயத்தால் வென்டிலேட்டருக்குப் போனவர்களுக்குக் குழாய் போட்ட 12 மணிக்குள் செஃப்ட்ரையாக்சோன் என்ற ஆன்டிபயாட்டிக் 2 கிராம் ஒரே ஒரு முறை கொடுத்த பிரெஞ்சு ஆய்வு 2024-இல் வந்தது. முதல் வார நிமோனியா 32-இலிருந்து 14 சதவீதமானது. அழற்சிக்குத் தீனியை நிறுத்துவது என்று நான் சொன்னதில் இதுவும் அடங்கும்.

#17 மருந்துக்கட்டு

எல்லாருக்கும் நன்றி. கடைசியா ஒண்ணு. முந்தின இடத்தில் ஏற்கெனவே டெக்ஸா 8 மி.கி. போட்டு அனுப்பிட்டாங்க. வந்து சேர்ந்த இடத்தில் என்ன செய்யணும்? படிப்படியாக் குறைக்கணுமா?

#18 கிளாஸ்கோ15

ஒரு டோஸுக்குக் குறைப்பு எதுவும் தேவையில்லை. அடுத்த டோஸை எழுதாமல் விட்டால் போதும். டெக்ஸா ஒன்றரை இரண்டு நாள் உடம்பில் வேலை செய்யும் என்பதால் முதல் 48 மணி நேரம் சர்க்கரையை நான்கு மணிக்கு ஒருமுறை பாருங்கள். 180-ஐத் தாண்டினால் இன்சுலின். அந்த நேரத்தில் வெள்ளையணு எண்ணிக்கை ஏறியிருந்தால் அதை மட்டும் வைத்துத் தொற்று என்று முடிவு கட்ட வேண்டாம். அந்த நாட்களில் எடுக்கும் கார்ட்டிசோல் அளவும் தாழ்ந்தே வரும், அதை நம்ப முடியாது. போட்ட மருந்து, அளவு, மணி மூன்றையும் கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். அனுப்பிய மருத்துவருக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். குற்றம் சொல்லும் தொனி வேண்டாம், அடுத்த நோயாளிக்கு அவர் கையில் டெக்ஸாவுக்குப் பதில் ஆக்சிஜனும் சேலைனும் இருக்க வேண்டும். அடிபட்டு மூன்று மணி நேரத்துக்குள் என்றால் இரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம் 1 கிராம் பத்து நிமிடத்தில், பிறகு 1 கிராம் எட்டு மணி நேரத்தில்; அதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.